கூட்டாளியின் கையில் இருப்பது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது நான் கேக்கை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் பட்டம் வாங்குகிறாள், வந்தே ஆகவேண்டும் என்று அவளுடைய அப்பா கூப்பிட்டிருந்தார். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் வடமேற்கு மூலையிலிருக்கும் இந்த ஊருக்கு நான் வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இங்கே யார் பட்டம் வாங்கினாலும் விழா முடிந்ததும் வீட்டில் செவ்வகமாக ஒரு பெரிய கேக் வெட்டுவார்கள், அதில் பெயரைத் தப்பாக எழுதியிருப்பார்கள் என்பதெல்லாம் எனக்குப் பழகிப்போனவை.

விழா, ஊரிலிருக்கும் இரண்டு வருடப் படிப்புக் கல்லூரியின் கூடைப்பந்து அரங்கில். ஒவ்வொரு பெயரைக் கூப்பிடும்போதும் ஒரு குடும்பம் எழுந்து கத்தும், ஊதல் ஊதும், உட்காரும். நான் மேடைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஐம்பதை நெருங்கிய ஒரு பெண்மணி மேடையில் கைகுலுக்கி, நீல நிற ஃபைலை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். கடைசிப் படிக்கு முந்தின படியில் நின்று ஃபைலைத் திறந்தார். உள்ளே பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றியது. பிறகு அதே முகம் மெல்ல மாறியது. வாய் லேசாகத் திறந்தது, கண் விரிந்தது, முதன்முதலாகப் பெரிய கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள் நிற்பார்களே, அப்படி நின்றார். பின்னால் வந்தவர் "கொஞ்சம் நகருங்க" என்றதும் நகர்ந்து போய்விட்டார்.

நான் பார்த்தது இவ்வளவுதான்.

இன்னொன்றும் பார்த்தேன். அவருடைய கறுப்பு அங்கி முன்புறம் சற்றே விலகியிருந்தது. உள்ளே வேலைச் சட்டை, அதில் கடைக்காரர்கள் குத்தியிருக்கும் பெயர் அட்டை. பெயர் அங்கியின் மடிப்பில் மறைந்திருந்தது. கீழே இருந்த சொல் மட்டும் தெரிந்தது: அசோசியேட்.

[அந்த ஃபைல் காலி என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லோருடையதும் காலிதான், அதுதான் இங்கே வழக்கம். கடைசி மதிப்பெண்கள் வந்துசேரும் முன்பே விழா நடந்துவிடும். உண்மையான பட்டம் பல வாரம் கழித்துத் தபாலில் வரும். ஒத்திகைக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லிவிடுவார்கள்.]

காலி ஃபைலுக்குள் ஒருவர் எதைப் பார்த்து அப்படி வியக்க முடியும்? கேக் சாப்பிடும்போதும் இதுதான் தொண்டையில் நின்றது. அதைக் கண்டுபிடிக்கத்தான் எழுதுகிறேன். அந்த முகமும் அந்த ஒரு சொல்லும் நிஜம். மற்றதெல்லாம் என் கைவேலை.

2

முதலில் ஒரு பெயர் வேண்டும். ரோண்டா சாபோ. ஆற்றுக்குக் கிழக்கே ஹங்கேரிக்காரர்கள் வந்து குடியேறிய தெருக்களில் இந்த மாதிரிப் பெயர்கள் நிறைய. அரங்கில் பார்த்தபோது 'அவர்' என்றுதான் நினைத்தேன். கதைக்குள் கூட்டி வந்ததும் 'அவள்' ஆகிவிட்டாள். தமிழில் எழுதும்போது நெருக்கத்துக்கு இந்த ஒரு வழி இருக்கிறது, மன்னிக்க வேண்டும்.

தொடக்கம் ஒன்று: ரோண்டாவுக்குச் சிறுவயதிலிருந்தே படிப்பின் மீது தீராத

வேண்டாம். தீராத தாகம் இருந்தவள் இத்தனை வருடம் சும்மா இருந்திருப்பாளா?

தொடக்கம் இரண்டு: அன்று காலையிலிருந்தே மழை

மழையில் தொடங்கிய என் கதைகளை எல்லாம் சேர்த்தால் ஓர் அணை கட்டலாம். இதுவும் வேண்டாம்.

தொடக்கம் மூன்று. இது பரவாயில்லை:

ஒரு பெரிய கட்டுமானப் பொருள் கடையில், பெயிண்ட் கவுன்ட்டரில், ரோண்டா சாபோ நெஞ்சில் 'அசோசியேட்' என்று குத்திக்கொண்டு பதினெட்டு வருடமாக நின்றாள். அந்தக் கடையில் யாரையும் வேலைக்காரர் என்று சொல்லமாட்டார்கள். எல்லோரும் அசோசியேட், அதாவது கூட்டாளி. லாபத்தில் பங்கு கிடையாது, பெயரில் மட்டும் கூட்டு. அவள் கல்லூரியில் சேர்ந்த செய்தி தெரிந்ததும், அதே கவுன்ட்டரில் வேலை பார்க்கும் லமார் கேட்டான்:

"படிச்சு முடிச்சா என்ன பட்டம் கொடுப்பாங்க மிஸ் ரோண்டா?"

"அசோசியேட் ஆஃப் ஆர்ட்ஸ்."

லமார் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தான். "அதான் ஏற்கெனவே நெஞ்சுல குத்திருக்கே. கம்பெனி சும்மா கொடுத்ததுக்கு நீங்க பரிட்சை எழுதப் போறீங்களா?"

"இது வேற அசோசியேட்டு, ராசா."

"என்ன வேற? அங்கயும் ஒன்பது மணிக்குக் கடை தொறக்கணுமா?"

ரோண்டா சிரித்தாள். வீட்டுக்குப் போகும்போது யோசித்தாள். என்ன வேறு?

[இந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார்த்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. 'கலைகளின் கூட்டாளி.' நாலு வருடம் படித்தால் இளங்கலை, மேலே போனால் முதுகலை. இந்த இரண்டு வருடப் படிப்புக்காரர்களை ஊரில் கொஞ்சம் கீழாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் கூட்டாளி என்ற சொல் அவர்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது. ஓவியத்துக்கும் கவிதைக்கும் தோளில் கைபோட்டு நடக்கிற உரிமை. யார் இந்தப் பெயரை வைத்தார்களோ, அவர்களுக்கே இது தெரிந்திருக்காது.]

3

அவள் ஏன் சேர்ந்தாள் என்று கேட்பீர்கள்.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் பழைய ஓவியம் அச்சிட்ட தபால் அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரு பெண்ணின் முக்காடு நீலம். அதே நீலம் படுக்கையறைச் சுவருக்கு வேண்டுமாம். ரோண்டா அட்டையை இயந்திரத்தின் கண்ணுக்கு முன் வைத்தாள். இயந்திரம் பார்த்தது, கணக்குப் போட்டது, நீலத்தைக் கலந்து கொடுத்தது. வாடிக்கையாளர் டப்பாவோடு போய்விட்டார், அட்டையை மறந்துவிட்டார். ரோண்டா அதைத் தூக்கிப்போடப் போனவள், பார்த்தாள். இயந்திரம் இருக்கும் நீலத்தைத்தான் கண்டுபிடித்தது. இல்லாத நீலத்தை யாரோ ஒருவர் முதலில் நினைத்திருக்கிறார். அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். வியப்பு என்பது இப்படித்தான் வரும், கடை நேரத்தில், வரிசையில் ஆள் நிற்கும்போது.

அடுத்த பருவத்தில் ஒரே ஒரு பாடத்துக்குச் சேர்ந்தாள்.

இரண்டு வருடப் படிப்பு என்பது அதன் பெயர்தான். பருவத்துக்கு ஒரு பாடம், நடுவில் விவாகரத்து, மகன் டெவினின் கால் முறிவு, கடையின் விழாக்கால அவசரம். ஆறு வருடம் ஓடி, ஏழாவது வந்துவிட்டது. கல்லூரிக்கு ஒரு விதி உண்டு. சேர்ந்த வருடத்துப் பாடத்திட்டம் ஏழு வருடம்வரை செல்லும். அதற்குள் முடிக்காவிட்டால் புதிய திட்டத்துக்கு மாற வேண்டும். மாறினால் அவளுக்கு மேற்கொண்டு மூன்று பாடங்கள், அதில் ஒன்று கணிதம். கணிதம் என்றால் ரோண்டா வேறு ஜில்லாவுக்கே ஓடிப்போவாள்.

ஆகவே எல்லாம் அந்தக் கடைசிப் பாடத்தில் வந்து நின்றது: மானுடக் கலைகளுக்கு ஓர் அறிமுகம். தேறினால் பட்டம். தேறாவிட்டால் ஏழு வருடத்துக்கு மேல் இன்னும் மூன்று மேடு.

4

இங்கே நான் ஒரு தப்புப் பண்ணப் பார்த்தேன். அடித்ததை அடித்தபடியே விட்டுவைக்கிறேன்.

ஆசிரியை கீரா ஹாலரன் திரையில் ஒரு குகை ஓவியத்தைக் காட்டி அந்தச் சிவப்பைப் பற்றிச் சொன்னபோது, ரோண்டா எழுந்து, "தப்பா சொல்றீங்க, அந்தச் சிவப்பு வந்து

பக்கம் முழுக்க எழுதிவிட்டேன். பெயிண்ட் கடைப் பெண் படித்தவளை வாயடைக்க வைக்கிறாள், வகுப்பு கைதட்டுகிறது. எனக்கே கண் கலங்கியது. மறுநாள் படித்தால் பொய். ரோண்டாவுக்குச் சிவப்பைப் பற்றி எதுவும் தெரியாது. கடையில் எண்ணை அழுத்தினால் இயந்திரம் கலக்கிறது. அவளுக்குத் தெரிந்தது வாடிக்கையாளரிடம் "ரெண்டாவது கோட் அடிச்சாத்தாங்க நிறம் தெரியும்" என்று சொல்வது மட்டும். தவிர, கீராவை அவமானப்படுத்த என்ன இருக்கிறது? முப்பதைத் தொடாத பெண், மூன்று கல்லூரிகளில் பாடம் எடுக்கிறாள், காரின் பின்சீட்டில் கட்டுரைக் கட்டுகளோடு வாழ்கிறாள்.

நிஜத்தில் [இந்தக் கதையின் நிஜத்தில்] நடந்தது இது. குகைச் சுவரில் யாரோ கை வைத்து, சுற்றிலும் சிவப்பை ஊதி, கையை எடுத்த தடத்தைக் கீரா காட்டினாள். வகுப்பில் பாதிப்பேர் ஃபோனைப் பார்த்தார்கள். ரோண்டா மேசைக்கு அடியில் தன் கையை விரித்து அளவு பார்த்தாள். அவ்வளவுதான். வெளியே வந்து காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வண்டியைக் கிளப்பவே இல்லை.

5

இறுதிக் கட்டுரைக்குக் கீரா சொன்னது: அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஒரே ஒரு படைப்பின் முன்னால் ஒரு மணி நேரம் நில்லுங்கள். பிறகு எழுதுங்கள். முதல் பத்தியிலேயே உங்கள் வாதத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்; மீதிப் பத்திகள் அதை நிரூபிக்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த முதல் பத்தி வாக்கியம் பெரிய சாமி. அதற்குப் படையல் போடாமல் யாரும் தேறியதில்லை.

ரோண்டா ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாள். எந்த ஓவியம் என்பதில் எனக்கும் அவளுக்கும் இழுபறி. நான் அவளைப் பெரிய நீல ஓவியம் ஒன்றின் முன் நிறுத்தப் பார்த்தேன். தபால் அட்டைக்குப் பொருந்துமே என்று. அவள் நிற்கவில்லை. மூலையில் சின்னதாக, பாதியில் விடப்பட்ட ஒரு ஓவியத்தின் முன் போய் நின்றுகொண்டாள். வரைந்தவர் பெயர் தெரியாது என்று பக்கத்தில் எழுதியிருந்தது. ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். முகம் முடிந்திருந்தது, அவ்வளவு துல்லியம், மூக்கின் ஓரத்தில் சளி பிடித்த சிவப்புகூடத் தெரிந்தது. கழுத்து முடிந்திருந்தது. கைகள் இரண்டும் முடிந்திருந்தன. ஆனால் அந்தக் கைகள் ஏந்தியிருந்த பொருள் மட்டும் இல்லை. அந்த இடத்தில் வண்ணம் படாத வெறும் பலகை, அதில் கரிக்கோடு ஒன்று வளைந்து போய் நின்றுவிட்டது. குழந்தையா, கிண்ணமா, பூனையா, ரொட்டியா, சொல்ல முடியாது. ஆனால் அந்த விரல்கள் கனத்தைத் தாங்கின.

முதல் கால் மணி நேரம் ரோண்டாவுக்குக் கால் வலித்தது. அடுத்ததில் சலித்தது. அதற்கப்புறம் எப்போதோ சலிப்பு போய்விட்டது. அந்தப் பெண் கையில் இருப்பதைப் பார்க்கவில்லை, நேராக ரோண்டாவையே பார்க்கிறாள் என்று தெரிந்தது. இந்தா, பிடி என்று சொல்லப்போகிறவள் போல.

காவலர் வந்தார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையேம்மா? உக்கார நாற்காலி வேணுமா?"

"வேண்டாங்க. ஒண்ணு கேட்கட்டுமா, இவ கையில என்ன இருக்குன்னு நெனைக்கிறீங்க?"

அவர் ஓவியத்தைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கெப்படிம்மா தெரியும்? நான் இதுக்கு முதுகு காட்டி நிக்கிற ஆளு." கொஞ்ச நேரம் அவரும் பார்த்தார். "ஏதோ கனமானது" என்றார். பிறகு, யாரோ ஒரு பையன் சிலையைத் தொடப் போகிறான் என்று ஓடினார்.

[இவரை ஞானியாக்கும் ஆசை எனக்கு வந்தது. அந்தப் பையன் சமயத்தில் வந்து காப்பாற்றினான்.]

6

அவள் முதலில் எழுதியது நல்ல கட்டுரை. 'இந்த ஓவியத்தில் பெண் ஏந்தியிருப்பது ஒரு குழந்தை. தாய்மையின் முடிவின்மையைக் காட்டவே ஓவியர் அதை முடிக்காமல் விட்டார்.' வாதம் முதல் பத்தியில். நிரூபணம் மூன்று பத்திகளில். முடிவுரை. நிச்சயம் தேறிவிடும்.

லமாரிடம் மதிய இடைவேளையில் வாசித்துக் காட்டினாள். அவன் பீட்சாவை மென்றுகொண்டே கேட்டான்.

"சூப்பரா இருக்கு. கொடுத்துட்டு வாங்க."

"ஆனா நான் குழந்தையைப் பார்க்கல லமார்."

"அதனால என்ன?"

"ஒரு மணி நேரம் நின்னேன். குழந்தை இல்லை. என்னன்னே தெரியல."

"மிஸ் ரோண்டா, நீங்க போய்ச் செத்துப்போன ஓவியன்கிட்ட சத்தியம் பண்ணிருக்கீங்களா? ஏழு வருஷம் ஆச்சு. குழந்தைன்னு எழுதிட்டுப் போங்க. யாரு வந்து அவ மடியைத் தடவிப் பார்க்கப் போறா?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. நானும் அவன் பக்கம்தான். கதைக்காரன் என்கிறவன் காலியிடத்தைக் கண்டால் குழந்தையைப் போட்டு நிரப்புகிறவன்தானே. இந்தக் கதையிலேயே இதுவரை எத்தனை நிரப்பியிருக்கிறேன். ரோண்டா அந்தக் கட்டுரையை அனுப்பிவிடுவாள் என்று நினைத்துத்தான் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினேன்: ரோண்டா பெருமூச்சுடன் அந்தக் கட்டுரையை

அழித்தாள். நான் எழுதவந்த சொல் அது இல்லை. அவளாகச் செய்தாள். எழுதுகிறவர்கள் இப்படிச் சொல்லும்போதெல்லாம் பாவனை என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். இனிச் சிரிக்கமாட்டேன்.

புதிதாக எழுதினாள். 'அவள் கையில் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியவில்லை' என்று தொடங்கியது. எப்படியெல்லாம் தெரியவில்லை என்பதைச் சொன்னது. சுண்டுவிரல் வளைந்திருக்கும் விதத்தைப் பற்றி ஒரு முழுப் பத்தி. தன் மகனை முதன்முதலில் கையில் வாங்கியபோது விரல் இப்படி இல்லை, அப்போது பயம்தான் இருந்தது என்று ஒரு வரி. அது கனமானது, அது மட்டும் தெரியும், அந்தக் கனத்தில் எனக்கும் கை வலித்தது என்று முடிந்தது.

கடைசி வகுப்பு முடிந்து கீரா காரில் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"புரொபசர், இதுல முதல் பத்தியில வாதம் இல்லைங்க."

"கீரான்னே கூப்பிடுங்க ரோண்டா. பரவால்ல, கடைசிப் பத்தியில இருக்கா?"

"அங்கயும் இல்லை."

கீரா சிரித்தாள், பிறகு ரோண்டாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "உங்களுக்கு இதுதானே கடைசிப் பாடம்?"

"ஆமாங்க."

"படிச்சிட்டு நேர்மையா மார்க் போடுறேன். அதுக்கு மேல எதுவும் சொல்ல முடியாது. மதிப்பீட்டு விதி என் பேர்ல இருக்கே தவிர, அதை நான் எழுதல."

"நேர்மையாத்தான் வேணும்" என்றாள் ரோண்டா. சொல்லிவிட்டுக் காருக்குப் போய், ஏன் அப்படிச் சொன்னோம் என்று ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள்.

7

விழா நாள். மதிப்பெண் இன்னும் வரவில்லை, யாருக்குமே வராது. ஒத்திகை அன்று கடையில் ஆள் இல்லாததால் ரோண்டா போகவில்லை. விழாவுக்கும் கவுன்ட்டரிலிருந்து நேராக வந்து, கார் நிறுத்துமிடத்தில் அங்கியை மாட்டிக்கொண்டாள். பெயர் அட்டையைக் கழற்ற மறந்துவிட்டாள்.

கல்லூரித் தலைவர் ஒலிபெருக்கியில், எனக்களிக்கப்பட்ட அதிகாரத்தின்படி உங்கள் அனைவரையும் அசோசியேட் என்று அறிவிக்கிறேன் என்றபோது, அவளுடைய கை தானாக நெஞ்சுக்குப் போய் அட்டையைத் தொட்டது. ஒரு சொல்லுக்குள் இரண்டு ஆள் இருக்க இடம் இருந்தது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள். எங்கேயோ பின்வரிசையில் டெவினும் லமாரும் ஊதல் ஊதி மானத்தை வாங்கினார்கள். கைகுலுக்கல், நீல ஃபைல், படிக்கட்டு.

பொறுக்க முடியாமல் படியிலேயே திறந்தாள். பட்டம் இருந்தால் தேறிவிட்டேன், இல்லாவிட்டால் இல்லை. அவளுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

காலி.

முகத்தில் ரத்தம் வற்றியது. 'தெரியவில்லை' என்று எழுதியதற்குப் பதில் இது. குழந்தை என்று எழுதியிருக்கலாம். லமார் சொன்னானே. ஏழு வருடம்.

நிமிர்ந்தாள். அவளுக்கு முன்னால் இறங்கியவர்கள் எல்லோரும் ஃபைலை விசிறிக்கொண்டும் உயர்த்திக் காட்டிக்கொண்டும் போனார்கள். ஒருத்தியின் ஃபைல் காற்றில் திறந்துகொண்டது. அதுவும் காலி. இன்னொருவனுடையதும். வரிசை முழுக்க, நூற்றுக்கணக்கான பேர், உள்ளே ஒன்றுமே இல்லாததை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள், கனமானதைப் பிடிப்பது போல.

அவள் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். சுண்டுவிரல் வளைந்திருந்தது.

அப்போதுதான் அந்த முகம். நான் பார்த்த முகம். இவ்வளவு தூரம் சுற்றிவந்து கடைசியில் அதைப் பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். ஓவியத்தில் இருந்தவளின் கையில் என்ன இருந்தது என்பது இப்போதும் ரோண்டாவுக்குத் தெரியாது. ஆனால் அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் நகருங்க" என்றார்கள் பின்னால்.

8

முடிவு வேண்டும் என்பீர்கள்.

முடிவு அ: ஒரு வாரம் கழித்து மதிப்பெண் வந்தது. தேறிவிட்டாள். கீரா ஓரத்தில் எழுதியிருந்தாள்: எனக்கும் தெரியவில்லை. லமார் கவுன்ட்டரில் ஒரு டப்பா நீலத்தைத் திறந்துவைத்துக் கொண்டாடினான்.

முடிவு ஆ: தேறவில்லை. வாதம் இல்லை, விதி விதிதான். புதிய பாடத்திட்டம், மூன்று பாடங்கள். ரோண்டா நாலு நாள் கல்லூரிப் பக்கமே போகவில்லை. பிறகு போய்க் கணிதத்துக்குப் பெயர் கொடுத்தாள்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே நன்றாகத்தான் வந்தன, அதுதான் சங்கடம். இரண்டிலும் நான் அந்தக் கரிக்கோட்டுக்குள் குழந்தையைத்தான் வரைகிறேன். தெரியவில்லை என்று எழுதத் துணிந்து ஏழு வருடத்தைப் பணயம் வைத்தவளுடைய கதைக்குத் தெரியும் என்று முடிவு எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகவே கடைசியாக ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

கார் நிறுத்துமிடம். ரோண்டா அங்கியைக் கழற்ற வேண்டும்.

"டெவின், இதைக் கொஞ்சம் பிடிடா."

அவன் ஒரு கையால் வாங்கி, திறந்து பார்த்தான். "அம்மா, உள்ள ஒண்ணும் இல்லையே. நீ பாஸா ஃபெயிலா?"

"இன்னும் தெரியாது. ரெண்டு கையாலயும் பிடி."

"காலி ஃபைலும்மா இது."

"தெரியும். கீழ போட்டுறாத."

அவன் லமாரைப் பார்த்தான். லமார் தோளைக் குலுக்கினான். டெவின் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

இதோ, இப்போது உங்கள் பெயரைக் கூப்பிடுகிறார்கள். வாருங்கள், கைகுலுக்குகிறேன், இந்த ஃபைலை வாங்கிக்கொள்ளுங்கள். படிக்கட்டில் நின்று திறக்க வேண்டாம், உங்களுக்குப் பின்னால் ஆள் வருகிறார்கள். கொஞ்சம் நகர்ந்துபோய்ப் பாருங்கள்.